ஏழு மணி மைனாக்கள்

முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர், ஓய்வு பெற்ற இரண்டாம் நாளே ஒரு சபதம் எடுத்தார்: உயிரே போனாலும் பாத்திரம் துலக்குவதில்லை.

காரணம், முதல் நாள் காலையில் மனைவி போட்ட உத்தரவு. "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வந்தாச்சு. எனக்கு எப்போ? இனிமே காலை ஏழு மணிப் பாத்திரம் உங்க பொறுப்பு."

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை அவருக்கு. ரயிலில் அவர் நுழைந்தால் பெட்டியே கப்சிப். வீட்டிலோ அவர்தான் டிக்கெட் இல்லாத பயணி. ஆகவே குறுக்கு வழி தேடினார்.

"ஏம்மா, நான் பறவை ஆராய்ச்சி பண்ணப் போறேன்."

"பண்ணுங்களேன். யாரு வேண்டாம்னா?"

"பறவைங்க இரை தேடுறது ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும்."

"அதெப்படிங்க, பாத்திரம் விழற நேரமும் அதேதான்?"

"அதுக்கு நான் என்ன பண்ண? நேரத்தை மாத்திக்கச் சொல்லி மைனாவுக்கு மனுப் போடவா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. ஆனா ஒழுங்கா நோட்டுல எழுதணும். நான் பார்ப்பேன். ஒரு பக்கம் காலியா இருந்தாலும் அன்னிக்கே பாத்திரத் தொட்டிக்கு வந்துடணும்."

மறுநாள் ஏழு மணிக்குப் பால்கனியில் நாற்காலி. தலையில் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, கைப்பிடிச் சுவர் மேல் ஒரு பிடி தானியம். ஒரு ஈ கூட வரவில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்த காக்கை, சண்டை போட்ட சம்பந்தியைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டு மணி வரைக்கும் இதே கதி.

நோட்டு காலியாக இருக்கலாமா? எழுதினார். "ஏழு ஐந்து. பன்னிரண்டு மைனாக்கள் வந்தன. வரிசையில் நின்றன. மூத்தது முதலில் தின்றது. குறுக்கே புகுந்த ஒன்றைப் பிடித்துக் கடைசிக்கு அனுப்பின."

பாவம், அவருக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

"மைனா க்யூவில நிக்குமா?" என்றாள் மனைவி.

"நல்ல வளர்ப்பு!"

பொய்க்கு ஒருதரம் றெக்கை முளைத்துவிட்டால் கூண்டில் நிற்குமா? மறுநாள் ஒரு குருவி கர்ப்பிணிக் குருவிக்கு எழுந்து இடம் கொடுத்தது. அதற்கு மறுநாள் காக்கைகள் குஞ்சுகளை ஓரத்தில் உட்காரவைத்து வேடிக்கை காட்டின. மனைவி வாயில் கைவைத்துப் படித்தாள். "இவ்வளவு அதிசயத்தை நாம ரெண்டு பேர் மட்டும் வெச்சுக்கறது பாவம்ங்க. பறவை நோக்கர் சங்கத்துக்கு அனுப்பிட்டேன். நேர்ல வந்து பாருங்கன்னு ஒரு வரி நானும் சேர்த்தேன்."



ஞாயிற்றுக்கிழமை ஏழு அடிக்குமுன் சங்கத்துச் செயலாளர் வந்துவிட்டார். கால்நடை மருத்துவம் பார்க்கும் அம்மாள். சிரிக்காத முகம். அரைமணி நேரம் பால்கனியில் உட்கார்ந்ததில் ஒரு சிறகின் நிழல்கூட விழவில்லை.

"ஞாயித்துக்கிழமை... லீவு போல," என்றார் பரிசோதகர். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது சமையலறைப் பக்கம் ஒரே கீச்சுமூச்சு. போய்ப் பார்த்தால், மனைவி குனிந்த தலை நிமிராமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே சுவரில், அவள் வழித்துப் போட்ட மிச்சச் சோற்றைச் சுற்றி மைனாவும் குருவியுமாகக் கல்யாணக் கூட்டம்.

"மெதுவா வாங்க டாக்டர். அதோ, ஓரமா ஒண்ணு திங்காம நிக்குது பாருங்க, அது காவல். கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு வந்து மாத்திவிடும். இந்தக் குருவி இருக்கே, ஒரே ஒரு பருக்கைன்னா மூச்சுக்காட்டாம முழுங்கிடும். நிறையக் கிடந்தாத்தான் ஊரைக் கூப்பிடும்."

"எத்தனை நாளா கவனிக்கிறீங்க?"

"கல்யாணம் ஆன நாளா."

பரிசோதகர் ஆவலோடு எட்டிப் பார்த்தார். சடசடவென்று அத்தனையும் பறந்துவிட்டன.

"சார், நீங்க முறைக்கிறீங்க," என்றார் டாக்டரம்மா. "உத்துப் பார்க்குற கண்ணுன்னா அதுங்களுக்குப் பயம். தன் வேலையில இருக்கறவங்களை நம்பும். அது சரி, இந்த நோட்டுல க்யூன்னு ஏதோ..."

பரிசோதகரின் மானம் நூலில் தொங்கியது. மனைவிதான் தாங்கிப் பிடித்தாள். "தூரத்துல பார்த்தது டாக்டர். கண்ணு கொஞ்சம் மங்கல்."

"அப்போ இந்த ஜன்னல்லேர்ந்தே ஒரு வருஷம் தினமும் எழுதி அனுப்புங்க. ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தொட்டிகிட்ட வேலையா நிக்கணும், அதுங்க நம்பறதுக்கு. இன்னொருத்தர் கதவுக்குப் பின்னால மறைஞ்சு உட்கார்ந்து எழுதணும்."

"நான் எழுதறேன்!" என்று பாய்ந்தார் பரிசோதகர்.

"நீங்க எழுதினதை முழுசாப் படிச்சுக் காட்டவா?" என்று காதோரம் கேட்டாள் மனைவி.

பாய்ந்தவர் பதுங்கினார்.

மறுநாள் முதல் நாற்காலி கதவுக்குப் பின்னால் போனது. தொப்பி, தொலைநோக்கி, நோட்டு எல்லாம் மனைவிக்கு. தொட்டி மட்டும் அவருக்கு. இப்போது மைனாக்கள் அவர் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து இறங்குகின்றன. ஆசை யாரை விட்டது? கழுத்து தானாகத் திரும்பும்.

"தலையைத் தூக்காதீங்க, பறந்துடும்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பு வரும். "அப்படியே அந்த வாணலியையும் தேய்ச்சுடுங்க."