ட்ரம்பெட்காரன்தான் தலைவன்

அதிர்ச்சியில் இருந்து நான் இன்னும் மீளவில்லை. மீளாமலே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை விடியும்போதே ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். இனி இந்த வீட்டுக்குத் தலைவன் நான். காரணம், மகள் டிலக்ஷி படிக்கப் பேர்ன் நகரத்துக்குப் போனதால் காலியான அறை. அங்கே என் இசைத்தட்டுகளையும் சாய்மனைக் கதிரையையும் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்சக்காலமாவது மனிதனாக வாழவேண்டும் என்பது என் ஆசை. மனைவி யூஜினிக்கு வேறு ஆசை. ரொறன்ரோவில் இருக்கும் தமையன் டெஸ்மன்ட் கோடை முழுக்க வந்து அந்த அறையில் தங்கவேண்டுமாம்.

விவாதித்து வெல்லலாம் என்கிறீர்களா? கல்யாணம் கட்டிய நாளில் இருந்து நான் ஒரு வசனத்தை முடித்ததில்லை. எழுவாய் என்னுடையது. பயனிலை அவளுடையது.

வழி காட்டியது ஒரு ஜாஸ் இசைத்தட்டு. இங்கே சுவிஸில், வில் என்ற நகரத்துப் பழைய சாமான் கடையில் எடுத்தது. பீபொப் என்கிற அந்தக்காலத்து அதிவேக ஜாஸ். ஐந்தே பேர். உறையில் ட்ரம்பெட்காரர் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அவர்தான் தலைவர். சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ் எல்லாம் அவருக்குப் பின்னால். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகத்தில் வாசிக்கிறார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் முட்டுவதில்லை. என்னோடு தொழிற்சாலையில் நிற்கும் ரூடிதான் அதன் ஒழுங்கைச் சொல்லித்தந்தான். முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தனியே. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் பின்னால் நின்று தாளம் மட்டும் கொடுப்பார்கள். கடைசியில் திரும்பவும் எல்லாரும் சேர்ந்து முடிப்பார்கள்.

தாளம் மட்டும்! எனக்குப் புல்லரித்தது.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு தட்டைச் சுழலவிட்டேன்.

"யூஜினி, இனி நாங்கள் இப்பிடித்தான் கதைக்கப்போறம்."

"எப்பிடி? ஊதியோ?"

"ஒராள் கதைக்கேக்க மற்றாள் குறுக்க வரப்படாது. தாளத்துக்கு 'ஓம்' மட்டும் சொல்லலாம்."

"வேற ஒண்டும் சொல்லேலாதோ?"

"சொல்லேலாது. அதுதான் சட்டம். ரெண்டு பேரும் முடிச்சாப்பிறகு சேர்ந்து கதைப்பம்."

"ஆர் முதல்?"

"ட்ரம்பெட்காரன்தான் தலைவன். நான்தான் முதல்."

"அப்ப நான்?"

"நீர் டிரம்ஸ்."

"ஓம்," என்றாள்.

திடுக்கிட்டுப்போனேன். கல்யாணத்தன்று மாதா கோவிலில் சுவாமியார் கேட்டதற்குச் சொன்ன பிறகு, அவள் வாயில் இருந்து வந்த அடுத்த ஓம் அதுதான்.

ஊதத் தொடங்கினேன். அறை எனக்கு என்றேன். ஓம் என்றாள். கதிரையை யன்னலோரம் போடுவேன் என்றேன். ஓம். கோடைக்கு ஒருவரும் வரவேண்டாம் என்றேன். ஓம், ஓம். ருசி கண்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, மீன்குழம்புப் புளியில் இருந்து டெஸ்மன்டின் குறட்டை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கண்ணைத் திறந்தபோது யூஜினி கைத்தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"இனி என்ர முறை. சட்டம் ஞாபகம்தானே?"

"ஓம்," என்றேன் பெருந்தன்மையோடு.

தட்டிலும் அப்போதுதான் டிரம்ஸ்காரரின் முறை வந்தது. அதுவரை பின்னால் அடக்கமாக இருந்த மனிதர், வீடு இடிகிறமாதிரி அடிக்கத் தொடங்கினார்.

"அண்ணை, கேக்குதோ?" என்றாள் யூஜினி தொலைபேசிக்குள். "இவரும் பக்கத்திலதான் இருக்கிறார். இஞ்சாருங்கோ, அண்ணை கோடைக்கு வரலாம்தானே?"

வாயைத் திறந்தேன். அவள் மேசையில் விரலால் தாளம் போட்டாள். சட்டம் என்னுடைய சட்டம்.

"ஓம்," என்றேன்.

"டிலக்ஷியின்ர அறையைக் குடுப்பம், என்ன?"

"ஓம்."

"உங்கட கதிரையைக் கெல்லருக்குள்ள இறக்கிறியள்தானே?"

கெல்லர் என்பது கட்டடத்துக்குக் கீழே உள்ள நிலவறை. அங்கே உருளைக்கிழங்குகூடச் சந்தோசமாக இருக்காது.

"ஓ... ம்."

டெஸ்மன்ட் தொலைபேசிக்குள் அழுதேவிட்டார்.

"மச்சான், நீர் இவ்வளவு நல்ல மனுசன் எண்டு தெரியாமல் போச்சு! இப்ப பின்னால கேக்கிறது ட்ரம்பெட்டோ? உமக்கும் பிடிக்குமோ? பென்சன் எடுத்தாப்பிறகு நானும் பழகத் துவங்கியிருக்கிறன். இன்னும் சுருதி பிடிபடேல்லை. கொண்டுவாறன் மச்சான், நாள் முழுக்க ஊதலாம்!"

ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைத் தொட்டியில் போட்டாலே மேல்வீட்டுச் சுவிஸ் அம்மா படியிறங்கி வருகிற நாடு இது. இங்கே கோடை முழுக்க ட்ரம்பெட்! அதுவும் சுருதி பிடிபடாத ட்ரம்பெட்! யூஜினியைப் பார்த்தேன். அவளுக்கு இந்தச் செய்தி புதிதாகத் தெரியவில்லை.

"நீங்கள்தானே சொன்னியள், ட்ரம்பெட்காரன்தான் தலைவன் எண்டு," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள். "சரி, என்ர முறையும் முடிஞ்சுது. இனிச் சட்டம் ஒண்டும் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து கதைப்பம். மனசில இருக்கிறதை அப்பிடியே சொல்லுங்கோ. நல்ல முடிவுதானே?"

இதற்காகத்தானே துடித்துக்கொண்டிருந்தேன்! நெஞ்சை நிமிர்த்தினேன். மூச்சை நன்றாக இழுத்தேன். யூஜினியின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தேன்.

"ஓம்," என்றேன்.