ஏழாவது மாடி ஏகாம்பரமும் கடைசிப்பக்கத்தாரும்

உலகம் அழிந்துபோனதை ஒரு தொழில் வாய்ப்பாகப் பார்த்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அரிசி இருக்கிறதா, உப்பு இருக்கிறதா என்று ஊரே பானையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், "சனங்க கையில ஒரு காமிக்ஸ் இல்லையே" என்று கவலைப்பட்டவர் அவர். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்கள் வாய்க்கால் பாய்கிற ஆயக்கட்டு முழுக்க அவருக்குக் கடைசிப்பக்கத்தார் என்றுதான் பெயர். அந்தப் பெயர் வந்ததற்கு நானும் உடந்தை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கடல் உள்ளே ஏறியது, கம்பியில் கரண்ட் நின்றது, பட்டணங்கள் ஒவ்வொன்றாகக் காலியானது எல்லாம் என் அப்பா காலத்திலேயே முடிந்த கதை. தஞ்சாவூரில் பாதிக் கட்டடம் மிஞ்சியது. அதில் ஒரு நாலு மாடி ஜவுளிக்கடையின் தரைத்தளத்தில்தான் எங்கள் அச்சகம். வைக்கோலை ஊறவைத்து இடித்துக் காகிதம், உமிக்கரியில் மை, பூவரசம் பலகையில் படம் செதுக்கி அச்சு. இதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் மாதம் ஒரு காமிக்ஸ் கொண்டுவந்தார் என்றால், பிடிவாதம் எந்த அளவுக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் உட்காரும் இடம் லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரில். கரண்ட் போன அன்று அந்த லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றுவிட்டது. அதன் உள்பக்கத்தை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. தினமும் காலையில் வந்ததும் சுவரில் இருக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்துவார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். "இன்னிக்கும் வரலை" என்று சொல்லிவிட்டு உளியை எடுப்பார். முகத்தில் வருத்தம் துளியும் இருக்காது. பஸ்ஸை விட்டவர் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்பார்.

அந்த மூடிய கதவிலிருந்து பிறந்தவன்தான் எங்கள் கதாநாயகன் ஏழாவது மாடி ஏகாம்பரம். அவன் உலகத்தில் எதுவும் அழியவில்லை. கடல் கடலிலேயே இருக்கிறது. ஏகாம்பரம் காலையில் எழுந்து சுவிட்சைத் தட்டுவான், விளக்கு எரியும். லிஃப்டில் ஏறி ஏழாவது மாடி ஆபீசுக்குப் போவான். வில்லன் யார் என்றால், ஏன் லேட் என்று கேட்கிற மானேஜர். இதைப் படித்துவிட்டு ஊர் ஊராகத் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. குத்தாலத்திலிருந்து ஒரு வாத்தியார் படகு பிடித்து வந்து கத்தினார். "ஒரு பொட்டிக்குள்ள வச்ச சோறு ஒரு வாரம் கெடாம இருந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. புள்ளைங்க நம்பிடுதுங்க சார். அதுவும் ஒரு வீட்டுக்கு ஒரு காராம். கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமா?"

"கார் வேணா எடுத்துடுறேன்" என்றார் இவர். "சோறு கெடாது."

எனக்கு அங்கே எழுத்து வெட்டும் வேலை. அப்போது முப்பது வயது, நல்ல கையெழுத்து, அதைவிட நல்ல கோபம். பாத்திரங்கள் பேசுவதை எழுதுகிற கூண்டுக்கு அவர் வைத்த பெயர் வாய். "ஏம்மா, மானேஜருக்கு இன்னும் வாய் வைக்கலையா?" என்பார். படம் அவர் பொறுப்பு, வாய் என் பொறுப்பு. என்ன பேச வேண்டும் என்று கோடி காட்டுவார், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

காகிதம் அருமை என்பதால் ஒரு வாய்க்காலுக்கு ஒரே ஒரு பிரதிதான். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நீர்க்கட்டி ஆள் தோளில் மண்வெட்டியும் கையில் காமிக்ஸுமாகப் போவார். தண்ணீர் எந்த ஊருக்கு முதலில் போகிறதோ அந்த ஊருக்குத்தான் கதையும் முதலில். வாய்க்கால் தலைப்பில் மேல்மடை ஊர். கடைசியில், கீழ்வேளூரையும் தாண்டி, உப்புக்காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் என் ஊர். நடுவில் பன்னிரண்டு ஊர் கை மாறி எங்களிடம் வரும்போது புத்தகத்துக்குக் கடைசிப் பக்கங்களே இருக்காது. ஒருத்தன் சுருட்டு சுற்றியிருப்பான், ஒருத்தி மாவு கொட்டி வைத்திருப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் அவரிடம் சொல்லிவிட்டேன். "எங்க ஊர்ல ஒரு கதைக்கும் முடிவு தெரியாதுங்கய்யா. போன வருஷம் ஏகாம்பரத்துக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. பொண்ணு யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஊரே ரெண்டு கட்சியா நிக்கிது."

அவர் கையில் இருந்த உளி அப்படியே நின்றது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் பொத்தானை அழுத்தி, வரலை என்று சொன்ன கையோடு ஒரு சட்டம் போட்டார். இனிமேல் கடைசிப் பக்கம் மட்டும் தனியாக, வேதாரண்யத்துக்குத் திரும்புகிற உப்புப் படகில், நேரே கடைமடையான எங்கள் ஊருக்கு முதலில் போகும். அங்கிருந்து ஊர் ஊராக மேலே ஏறி மேல்மடைக்குக் கடைசியில் வரும். ஆரம்பம் தலைப்பிலிருந்து இறங்கும், முடிவு கடைசியிலிருந்து ஏறும்.

மேல்மடைக்காரர்கள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளுக்காகக் கடைமடையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் கடைசிப்பக்கத்தார். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் கடுதாசி, நோட்டீஸ், நான் இப்போது எழுதுகிற இந்த வார இதழ், எது கைக்கு வந்தாலும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். "முடிவு தெரிஞ்சா நிதானமா படிக்கலாம்மா. பயம் இருக்காது பாரு" என்பார்.

ஒரு வருஷம் சம்பாப் பருவத்தில் ஆற்றில் தண்ணீர் குறைவு. மேல்மடைக்காரர்கள் தங்கள் வயலை நிரப்பிக்கொண்டு, குளத்தை நிரப்பிக்கொண்டு, பிறகும் மதகை இறக்கிப் பூட்டிவிட்டார்கள். அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் கம்போடு வருவார்கள்.

என் அக்கா உப்புப் படகில் கடுதாசி அனுப்பினாள். கடைசிப்பக்கத்தார்தான் வாங்கினார், வழக்கம்போல் அடியிலிருந்து படித்தார். கடைசி வரி, "இதுவும் போனா விதைநெல் கிடையாது, ஊரை விட்டுப் போறதுதான்" என்று இருந்தது. அதற்கு மேல் வரி, நாற்றங்கால் மஞ்சளாகிவிட்டது, மிஞ்சிப்போனால் பத்து நாள் தாங்கும் என்றது. நலமா என்று கேட்டிருந்த முதல் வரிக்கு அவர் போகவே இல்லை. கடுதாசியை மடித்து என் கையில் கொடுத்தார்.

"பத்து நாள்ல தண்ணி போய்ச் சேரணும். அவ்வளவுதானம்மா?"

"அவ்வளவுதானாவா? மதகு சாவி அவங்ககிட்ட இருக்குய்யா."

"கதையோட சாவி நம்மகிட்ட இருக்கு."

அந்த மாத இதழில் ஏகாம்பரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், கும்மிருட்டில், மூன்று நாள். வெளியே அவன் பெண்டாட்டி கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து சத்தம் இல்லை. அதோடு இதழ் முடிந்தது. அடியில் ஒரு கட்டம் போட்டு இப்படி எழுதச் சொன்னார்: "முடிவு கடைமடையில் ஒரு தகர டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்த அன்று டப்பா திறக்கப்படும்."

மூன்றாவது நாள் மேல்மடை நாட்டாண்மை நாலு ஆட்களோடு அச்சகத்துக்கு வந்துவிட்டார். கடா மீசை, கனத்த குரல்.

"ஏங்க, விளையாடுறீங்களா? தண்ணி வேற, கதை வேற."

"ரெண்டும் ஒரே வாய்க்கால்லதானேங்க போகுது" என்றார் இவர், உளியை நிறுத்தாமல்.

"உயிரோட இருக்கானா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க. வீட்ல பொம்பளைங்க அடுப்புப் பத்த வைக்க மாட்டேங்கிறாங்க. அந்தப் பய உள்ள பட்டினி கெடக்கான், உங்களுக்கு மட்டும் சோறான்னு கேக்குறாங்க."

"டப்பாவுல இருக்குங்க."

நாட்டாண்மைக்கு மூக்கு சிவந்தது. "எங்க வைக்கோல்லதான் நீங்க காகிதம் போடுறீங்க. நாளையிலேர்ந்து ஒரு கட்டு வராது."

வைக்கோல் இல்லையென்றால் அச்சகமே இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "வராட்டிப் போகுதுங்க. சுவத்துல போட்டுட்டுப் போறேன். ஊர்ல இடிஞ்ச சுவர் நிறைய இருக்கு" என்றார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "எனக்காவது சொல்லுங்கய்யா. அவன் எப்படி வெளிய வர்றான்?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் என்ன லிஃப்டைப் பார்த்தவனா?"

"அப்ப டப்பாவுல?"

"கதவு திறந்திருக்கு. அவன் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான். வாய் காலியா இருக்கு. வாய் உன் வேலைதானே?"

அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டை வார இதழில் போட மாட்டார்கள். திட்டி முடித்துவிட்டு, மைக்கூட்டையும் நாணல் பேனாவையும் முடிந்துகொண்டு அடுத்த உப்புப் படகில் ஊருக்குக் கிளம்பினேன்.

வீட்டில் அடுப்பு எரியாத மேல்மடைக்காரர்கள் மறுநாள் மதகைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியதோடு விட்டிருந்தால் தண்ணீர் வழியிலேயே செத்திருக்கும். முடிவை முதலில் கேட்க வேண்டும் என்று மேல்மடைக்காரர்கள் தண்ணீரோடு கூடவே கரையில் நடந்து வந்தார்கள். தண்ணீர் மெதுவாகப் போனால் கதையும் மெதுவாகத்தானே போகும்? வெங்காயத்தாமரை அடைத்திருந்த இடத்தில் நாட்டாண்மையே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி வாரினாராம். நடுவில் ஓர் ஊரில் ஒருத்தர் சத்தம் போடாமல் கரையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பப் பார்த்திருக்கிறார். "ஏகாம்பரம் உள்ள தவிச்சுக்கிட்டு இருக்கான், உனக்குத் தண்ணி கேக்குதா?" என்று நூறு பேர் சூழ்ந்துகொண்டதில் அவரே வெட்டியதை அடைத்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார். பல வருஷமாகத் தூர் வாராத வாய்க்கால் அந்த ஐந்து நாளில் பளிச்சென்று ஆனது.

எங்கள் ஊரில் நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தேன். படம் அபாரம். ஏகாம்பரத்தின் நீட்டிய கையில் ரேகைகூடத் தெரிந்தது. வாய்க்கு என்ன வைப்பது? வீர வசனம் எழுதிப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. அழுகை வசனம் அதைவிட மோசம். கூட்டம் பக்கத்து ஊர் வந்துவிட்டது என்று தகவல் வந்த காலையில் அக்கா குடத்தோடு உள்ளே வந்தாள். இருக்கிற குடிநீரில் பாதியை நாற்றுக்குத் தெளித்துவிட்டு வருகிறாள்.

"அக்கா, மூணு நாள் ஒரு பொட்டிக்குள்ள மாட்டிக்கிட்டவன் வெளிய வந்ததும் மொதல்ல என்னக்கா சொல்லுவான்?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னத்தச் சொல்லுவான். தண்ணி கேப்பான்."

எழுதிவிட்டேன்.

மத்தியானம் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக மெல்ல உருண்டு வந்து அக்காவின் நாற்றங்காலுக்குள் இறங்கியது. அக்கா வரப்பில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மேல்மடைக்காரர்களுக்கு அதைப் பார்க்க ஏது நேரம்? "டப்பா எங்க?" என்று வந்து நின்றார்கள். நாட்டாண்மை பக்கத்தை வாங்கிப் பிரித்து, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார்.

"கதவு திறந்தது. ஏகாம்பரம் சொன்னான்: கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?"

நாட்டாண்மை மறுபடியும் ஒருமுறை மனசுக்குள் படித்தார். ஐந்து நாள் வெயிலில் நடந்தவருக்குத் தொண்டை காய்ந்திருக்க வேண்டும். அக்காவைப் பார்த்து, "எனக்கும் ஒரு வாய் குடும்மா" என்றார். அக்கா செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்ததும் முகம் கோணியது.

"உப்புக் கரிக்குது. இதையா குடிக்கிறீங்க?"

"வேற எது வருது?" என்றாள் அக்கா.

அவர் அந்தச் செம்பைக் கீழே கொட்டவில்லை. மெதுவாக முழுவதையும் குடித்துவிட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் எந்தச் சம்பாவுக்கும் எங்கள் ஊர் தண்ணீருக்குக் கடுதாசி எழுத வேண்டியிருக்கவில்லை. வைக்கோலும் கேட்காமலே வந்தது.

கடைசிப்பக்கத்தார் அந்த ஊர்வலத்திலும் கடைசி ஆளாகத்தான் வந்து சேர்ந்தார். ஒரு கண்ணாடி மட்டும் இருந்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிப் பார்த்தார். "வாய் நல்லா வச்சிருக்கம்மா" என்றார். பத்து வருஷ வேலையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். இருந்தால் அவர் கடைசிப்பக்கத்தாரா? ஒருநாள் பொத்தானை அழுத்திவிட்டுக் கேட்டார்: "கடைமடைக்கும் அந்தாண்ட யாரும்மா?"

"உப்பளத்து ஆளுங்க, வேதாரண்யம் பக்கம். அவங்களுக்கு வாய்க்காலே கிடையாதேய்யா, கதை எப்படிப் போகும்?"

"அதான் நான் போறேன்."

உளி நான்கை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு உப்புப் படகில் ஏறினார். அச்சகத்தை என்னிடம் விட்டுவிட்டார். கடுதாசி போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்தப் பக்கம் ஒரு புதுக் காமிக்ஸ் சுற்றுகிறது, அதில் ஒருத்தன் சுவிட்சைத் தட்டினால் கடலே வெளிச்சமாகிறது என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். இந்த இதழும் அதே படகில்தான் அங்கே போகிறது. கைக்குக் கிடைத்தால் அவர் எந்த வரியை முதலில் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் மேலே எழுதியதெல்லாம் உங்களுக்கு, இந்தக் கடைசி வரி அவருக்கு.

ஐயா, இன்னிக்குக் காலையிலும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், லிஃப்ட் வரலை, நீங்களாவது வாங்க.