இடுப்பைப் பிடித்த சீனாக்காரன்

தொண்ணூற்றேழாம் வருஷம் ஜோகுபாளையத்தில், செவ்வாய், வெள்ளி காலையில் ரேஷன் கடையில்கூட அவ்வளவு கூட்டம் இருக்காது. பார்டர் சாமி வீட்டு வாசலில் தொடங்கும் வரிசை பழைய மெட்ராஸ் ரோடு வரைக்கும் போகும். வளையாத வரிசை. இடையில் புகுவாரும் இல்லை, தள்ளுவாரும் இல்லை. நின்றவர்கள் எல்லாம் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள். வரிசையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு சாமிக்கு மிச்சம்.

சாமி எல்லைப் பனிமலையில் தவம் இருந்தவராம். யார் பார்த்தது என்று கேட்டால், பனியில் யாருக்குக் கண் தெரியும் என்பார்கள். காவி வேட்டி, மேலே பட்டாளத்துப் பச்சை ஸ்வெட்டர். ஏப்ரல் வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார். உள்ளே குளிர் இன்னும் மிச்சம் இருக்கிறதாம்.

அவர் பெயரெடுத்தது ஒரே சங்கதியில்: ஊனப் பென்ஷன் அப்பீல். அதிலும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஊனம். டாக்டர் "என்ன கஷ்டம்?" என்று கேட்டால் "முதுகு வலி சார்" என்று சொல்லிவிட்டு வந்து, ராத்திரியில் சுவரைப் பார்த்துப் படுக்கிறார்களே, அவர்களெல்லாம் சாமியின் குடிகள்.

சீதாலட்சுமியின் புருஷன் சிவசங்கரனும் அப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். வடகிழக்கில் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து, முதுகுத் தண்டில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். நரம்பில் அடி. நடக்கலாம். மூத்திரத்தை அடக்க முடியாது. மற்றதும் இல்லை. மற்றது என்றால் மற்றதுதான். கேட்கிற நீங்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள்.

மனுவில் அவர் எழுதியது முதுகு வலி. முதுகு வலிக்கு உண்டான ஊன விழுக்காடு பென்ஷனுக்குப் போதாது என்று திருப்பிவிட்டார்கள். அப்பீல் போட்டார். வருகிற வியாழக்கிழமை மெடிக்கல் போர்டு. இதுவும் போனால் அவருக்கு வேறு கதவு கிடையாது.

சாமியிடம் வழி காட்டியவர் பெர்னார்ட். சிவசங்கரனோடு பட்டாளத்தில் இருந்தவர், இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர்.

"ஒரு வாட்டி கூட்டிட்டுப் போங்க சிஸ்டர். நான் மாதா கோயில் ஆளு, எனக்கே உடம்பு சிலுத்துப் போச்சு. நான் ஒரு வார்த்த பேசல. இடுப்புக்குக் கீழ ப்ராப்ளம்னு அவரே சொல்றாரு."

"மூட்டு, மூலம் எல்லாமே இடுப்புக்குக் கீழதான இருக்குது?" என்றாள் சீதாலட்சுமி.

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க சிஸ்டர்."

அந்தத் தெருவில் யோசிப்பது என்பது ஒரு வியாதியின் பெயர்.

சாமியிடம் போக இரண்டு நிபந்தனை. மனைவியோடு வர வேண்டும். மிலிட்டரி கேன்டீன் ரம் ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். ரம் சாமிக்கு இல்லை, ஆவிக்கு. வெளிக்கடையில் வாங்கிய ரம்மை ஆவி தொடாது. செத்த பிறகும் அவ்வளவு கண்டிப்பு.

வெள்ளிக்கிழமை போனார்கள். சாமி கண்ணை மூடினார்.

"நீ ஒருத்தனச் சாய்ச்சிருக்க மகனே."

சிவசங்கரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஆமா சாமி."

"சீனாக்காரன்."

"...ஆமா."

"அவன்தான் உன் இடுப்பப் பிடிச்சிட்டிருக்கான். போர்டுல வாயத் தொறந்தா இன்னும் இறுக்குவான். விபூதியப் பூசிக்கிட்டு, முதுகு வலின்னு மட்டும் சொல்லிட்டு நில்லு. மிச்சத்த நான் டாக்டர் மனசுல புகுந்து பேசிக்கிறேன்."

"சாமி," என்றாள் சீதாலட்சுமி, "அந்தச் சீனாக்காரன் உங்ககிட்ட என்ன பாஷையில பேசறான்?"

"ஆவிக்கு ஏது தாயி பாஷை?"

"அப்ப கேன்டீன் ரம்முதான் வேணும்னு எப்படிச் சொன்னான்?"

பின்னால் நின்றவர்கள் அவளை முறைத்தார்கள். இவளால் மழை நின்றுவிடும் என்பதுபோல.

அன்று சாயங்காலம் சிவசங்கரன் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி பலகையில் மழைபோல விழுந்தது.

"ஏங்க, நீங்க பட்டாளத்துல சேந்தது எந்த வருஷம்?"

"எழுபத்தெட்டு."

"சீனாக்காரன் சண்ட?"

"அறுபத்திரண்டு." கத்தி நின்றது.

"அப்ப நீங்க சாய்ச்சது யார?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "சீதா, நான் அங்க குக்கு."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆன புதுசுலேருந்து. வீட்டுல இருக்கறது நாம ரெண்டு பேரு. நீங்க ஒரு கம்பெனிக்கே உப்புமா கிண்டி வெச்சீங்க."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க சண்டக் கத சொன்னா கேக்க நல்லா இருந்துது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றே வைத்துக்கொள்வோம். "அங்க நீ பக்கத்துல உக்காந்திருக்க. இல்ல சாமி, நான் யாரையும் கொல்லலன்னு எப்படிச் சொல்றது?"

சீதாலட்சுமிக்கு அப்போதுதான் முதல் நிபந்தனையின் அருமை விளங்கியது. லீவில் வந்தபோதெல்லாம் வீட்டில் வீரக்கதை அளக்காத சிப்பாய் உண்டா? அந்தக் கதைக்குப் பெண்டாட்டியையே சாட்சியாக உட்கார வைத்துவிட்டால், ஆமா சாமி என்பதைத் தவிர வேறு பதில் வாயில் வராது.

"அவரு புளுகறாருங்க. நீங்க டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"அத்தன பேரு போறாங்களே சீதா. அத்தன பேருமா முட்டாளு? நிஜமாவே இறுக்கிட்டான்னா?"

இதுதான் பாருங்கள். தான் யாரையும் கொல்லவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கொல்லப்படாதவனின் ஆவியிடமும் பயம். கூட்டம் சேர்ந்தால் கணக்கு அப்படித்தான் போகும்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரிசை. மறுபடியும் ரம். சீதாலட்சுமி புருஷன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நேராக முன்னால் போய் வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அண்ணன்மாருங்களே, ஒண்ணே ஒண்ணு. சண்டையில நெஜமாவே ஒரு ஆளச் சுட்டுக் கொன்னவங்க மட்டும் ஒரு அடி முன்னால வாங்க."

ஒரு அடி முன்னால் என்று கேட்டதும் எல்லாக் கால்களும் பழக்கத்தில் துடித்தன. ஆனால் ஒன்றும் நகரவில்லை. மனைவிமார் புருஷன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒருவர் முன்னால் வந்தார். சிவசங்கரன்.

"நான் சுட்டவன் இல்ல. நான் குக்கு. ரேஷன் வண்டி கவுந்து முதுகு போச்சு. எந்தச் சீனாக்காரனும் இல்ல."

ஒரு மதகு திறந்துகொண்டது. "நான் பார்பர்," என்றது ஒரு குரல். "நான் டெய்லருங்க." பெர்னார்ட் தொண்டையைக் கனைத்தார். "நான் பேண்டுல டிரம். ரிட்டயர் ஆற வரைக்கும் தட்டினேன். ஒருத்தனும் சாகல."

"அப்ப அந்தக் கால் தழும்பு?" என்றாள் அவர் மனைவி யூனிஸ்.

"சைக்கிள்லேருந்து விழுந்தது யூனிஸ்."

அப்போது வெங்கடராமன் என்ற பெரியவர் வரிசையைவிட்டு வெளியே வந்தார். அதிகம் பேசாதவர்.

"நான் சுட்டிருக்கேன். இவளுக்குத் தெரிய வேணாம்னு சாமிகிட்ட இல்லன்னு சொன்னேன். சாமி அதையும் நம்பிட்டாரு. எங்க மாமியார் செய்வினைன்னு சொன்னாரு. ரெண்டு வருஷமா மாமியார் வீட்டுப் படி ஏறல நான்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுச் சாமி வெளியே வந்தார். சீதாலட்சுமி பணிவாகவே கேட்டாள்.

"சாமி, இவரு குக்காம். இடுப்பப் பிடிச்சிருக்கறது யாரு?"

சாமி கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "குக்குன்னா ஆடு வெட்டியிருப்பான் தாயி. ஆட்டோட ஆவி."

"ஆட்டுக்குமா ரம்மு?"

"அப்ப எனக்கு சாமி?" என்றார் பார்பர். "மயிருக்கும் ஆவி உண்டுங்களா?"

சாமி ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாட்டில்கள் வந்த வழியே வீடு திரும்பின. ராவோடு ராவாகச் சாமியும் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தால், ஆவிகள் குடித்ததாகச் சொன்ன ரம்மில் ஒரு காலி பாட்டில்கூட இல்லை. பாட்டில் பாட்டிலாக அது எங்கே போனது என்பதை அல்சூர் மதுக்கடைக்காரர் ஒருவர் பிற்பாடு ஒப்புக்கொண்டார். நல்ல சரக்காம், விலையும் மலிவாம்.

வியாழக்கிழமை போர்டு. சீதாலட்சுமி வெளியே பெஞ்சில் இருந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"என்ன கஷ்டம்?"

"முதுகு வலி சார்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே காகிதம் புரளும் சத்தம். பிறகு அவர் குரல், மெதுவாக.

"முதுகு மட்டும் இல்ல சார். மூத்திரம் தன்னால போயிடுது. அப்புறம், வீட்டுல நான் புருஷனா இல்ல சார். வண்டி கவுந்த நாள்லேருந்து."

"முதுகுத் தண்டுல அடின்னா இதெல்லாம் சேந்து வரும். இத ஏன் முதல் வாட்டியே சொல்லல?"

"வெக்கமா இருந்துது சார்."

"சட்டையக் கழட்டிட்டுப் படுங்க. பாப்போம்."

அப்பீல் ஜெயித்தது. ஜெயிக்க வைத்தது சாமி அன்றைக்குக் கொடுத்த விபூதிதான் என்று தெருவில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கும் இடுப்புக்குக் கீழே ஏதோ இருக்கிறது, பாவம்.

என் கண்ணுகளா, மானம் போய்விடும் என்று டாக்டரிடம் மூடி வைத்ததைக் கொண்டுபோய், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவனிடம் ஆமா சாமி என்று தலையாட்டிவிட்டு வருகிறீர்களே, அந்தத் தலைக்குள்ளே ஒன்று சும்மா கிடக்கிறது. அதையும் ஒரு நாள் எழுப்பிப் பாருங்கள்.