எங்கள் தெருவுக்கு அமைதி வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் குழந்தைகளும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன். இல்லையென்றால் நீயே எழுதியிருப்பாய்.

எங்கள் பக்கத்துக் காலி மனையில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். காற்று போச்சு, வெளிச்சம் போச்சு, வண்டி நிறுத்த இடமும் போச்சு என்று தெருவே கொதித்துவிட்டது. எதிர்ப்புக் குழுவுக்குச் செயலாளர் யார் என்கிறாய்? முப்பது வருடம் அலுவலகத்தில் மற்றவர்களின் மனுக்களை வாங்கிப் போட்டு ஓய்வுபெற்ற உன் அண்ணன்தான். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் கூட்டம். இத்தனை வருடமாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன பல் டாக்டர், இப்போது நேராகச் சமையலறைக்கே போய், "அக்கா, எனக்கு டீயில சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்கிறார். எதிர்வீட்டுப் பேராசிரியர் தெருவின் அமைதியைப் பற்றிப் பேசுவது பின்வரிசைக்குக் கேட்கவில்லையென்று மூலைவீட்டுத் தையல்காரம்மா ஒலிபெருக்கியே கொண்டுவந்துவிட்டார். "அமைதி வேண்டும்" என்று நாற்பது பேர் சேர்ந்து கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

போன வாரம் அதிகாரி பார்வையிட வந்தார். அவரை வரவேற்க, நாலு வீடு தள்ளி இருப்பவர்கள்கூடக் காரில் வந்து இறங்கியதால் தெரு அடைத்துக்கொண்டது. பாவம், அவர் ஜீப்பை முனையிலேயே விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

"இன்னும் கட்டவே இல்ல, அதுக்குள்ள இவ்வளவு நெரிசலா?"

"தினமும் இதே கதைதான் சார்" என்று கூசாமல் சொல்லிவிட்டேன். அவரும் எழுதிக்கொண்டார்.

உன் அண்ணிக்கு டீ போட்டு மாளவில்லை. ஆனாலும், "இப்பதாங்க வீடு வீடா இருக்கு" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, தம்பி.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை அண்ணி மிகவும் விசாரித்தாள். எங்கள் போராட்டம் ஜெயிக்க நீயும் வேண்டிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க மறந்து பத்து நாளாகிவிட்டது. அதற்குள் ஜெயித்துவிட்டோம். தெருவில் நெரிசல் அதிகம் என்று அனுமதியை மறுத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து மணியானால் உன் அண்ணி பழக்கதோஷத்தில் டம்ளர்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்குகிறாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மனை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. உனக்குத் தெரிந்த பில்டர் யாராவது இருந்தால் உடனே விண்ணப்பம் போடச் சொல். இருபத்துநான்கு வேண்டாம், நாற்பத்தெட்டு வீடாகவே கேட்கட்டும். எதிர்ப்பு மனுவை நான் எழுதி வைத்துவிட்டேன்.