நானாட்டானில் நான் அணைத்த அணுப்பெட்டி

நானாட்டான் ஊரை ஒருமுறை அணு விபத்திலிருந்து நான் காப்பாற்றியிருக்கிறேன். அங்கே அப்படியொரு விபத்து நடக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

பள்ளிமுனையில் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைத் திருத்துவது என் தொழில். அவற்றின் அலைவரிசையைச் சரிபார்க்க, இம்மியும் பிசகாத அலைவரிசை தரும் ருபீடியம் பெட்டி ஒன்று வேண்டுமென்று நெடுநாள் ஆசை. கழற்றிய டெலிபோன் கோபுரச் சாமான்களை விற்கும் நானாட்டான் நசீர் நானாவிடம் பழையது ஒன்று வந்திருக்கிறது என்றார்கள். என் மனைவி ஜெசிந்தாவையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன்.

வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கிழமையாகப் படித்திருந்தேன். உள்ளே இருக்கும் சின்ன விளக்கு களைத்திருந்தால் சூடாக்கி எழுப்பலாம். பிசின் ஊற்றி மூடியிருந்தால் கைவைக்க முடியாது. மின்சாரம் கொடுத்துச் சில நிமிடங்களில் பச்சை லைட் வந்தால் திருத்த வேலையே இல்லை. இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். 'அணுக் கடிகாரம்' என்று ஓரிடத்தில் போட்டிருந்ததையும் படித்துத் தொலைத்தேன். (மறுநாளே ரப்பர் கையுறை வாங்கினேன். இப்போது ஜெசிந்தா அதைப் போட்டுத்தான் மீன் வெட்டுகிறாள்.)

நானாவின் முற்றத்தில் இரண்டு டிராக்டர் பற்றரிகளைத் தொடுத்துப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன்.

"இதுக்குள்ள என்ன தம்பி இரிக்கி?"

"அணு, நானா."

நானா கதிரையை நாலடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இரண்டாம் நிமிடம் பெட்டி சுட்டது. நாலாம் நிமிடம் கையுறையோடும் தொட முடியவில்லை. ஊரே சாம்பலாகப் போகிறது, அதற்குக் காரணம் பள்ளிமுனைக்காரன் என்று நாளைக்குச் சொல்வார்கள்.

"ஓடுங்கோ! எல்லாரும் வயலுக்கு ஓடுங்கோ!"

நானா ஓடினார். அவர் மனைவி சோற்றுப் பானையோடு ஓடினார். எல்லோருக்கும் முன்னால் நான் ஓடினேன். வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் ஜெசிந்தா வரவில்லை என்பது தெரிந்தது. (கட்டின மனைவியை இவ்வளவு தாமதமாகவா நினைப்பது என்று கேட்காதீர்கள். அவள் கேட்டுவிட்டாள்.)

அழுதுகொண்டே திரும்பி ஓடினேன். பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றவள் அதைக் காட்டிக் கத்தினாள்.

"இஞ்சருங்கோ, எரியுது!"

ஆட்டுக்கு வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு, மாதாவே என்று ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

"பச்சை லைட் எரியுதெண்டு சொன்னனான்," என்றாள் ஜெசிந்தா, நனைந்த சேலையோடு.

பெட்டி அருமையான பெட்டி. சூடாவது அதன் இயல்பு. தடித்த உலோகத் தகட்டில் பூட்டிய பிறகே இயக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் நான் படிக்கவில்லை.

வெட்கத்தில் அதையே வாங்கி வந்து திறந்து பார்த்தேன். பிசின் இல்லை, நிறையத் தண்ணீர் இருந்தது. திருத்த முடியவில்லை.

இப்போதும் சாமான் வாங்க நானாவிடம் போவேன். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சலாமுக்கு முன்னால் அவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுப்பார்:

"தம்பி வாறாரு, வாளிய எடுத்து உள்ள வைங்க!"