மனைக்கு அடியில் ஒரு பிளவு

"அண்ணே, அந்த மனையில வீடு கட்ட வேண்டாம். கீழே பூமி நகருது."

பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கியிருந்த அற்புதசாமி, தம்பி சகாயநாதனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு சொன்னது?"

"கம்ப்யூட்டர்."

காபி கொண்டுவந்த அண்ணி லூர்துராணி, "மிஷினே சொல்லுதுன்னா கேட்டுக்கணும்ல," என்றாள்.

சகாயநாதன் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி விரிவுரையாளர். நிலத்தின் உயரங்களை வைத்தே, ஆற்று வடிநிலங்களில் பூமி எங்கே அசைகிறது என்று கணிப்பது அவருடைய ஆராய்ச்சி. கணக்கு டீச்சரான மனைவி டோரதி வரைபடங்களைப் பார்த்து உயரங்களை எழுதித் தருவாள். அவர் கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அது ஒவ்வொரு ஓடைக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும்; மதிப்பெண் ஏற ஏற, அங்கே பூமி அசைகிறது என்று பொருள்.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் வாழ்வதற்காக அற்புதசாமி மண்ணச்சநல்லூருக்கு அப்பால் மனை வாங்கியிருந்தார். அதை ஒட்டிய ஓடைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வந்திருந்தது.

"அஸ்திவாரத்தை ஆழமாப் போட்டுடலாம்டா."

"பிளவே ஆழத்துலதாண்ணே இருக்கு."

"அப்ப கொஞ்சம் தள்ளிக் கட்டுவோம். அந்தப் பக்கத்தையும் டோரதியை எழுதித் தரச் சொல்லு."

டோரதி தட்டாமல் எழுதிக் கொடுத்தாள். இம்முறை தொண்ணூற்றைந்து.

சேதி பரவியது. மனையை விற்றவர் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். "என் மண்ணு ஆடுதுன்னு சொல்ல உங்க மிஷின் யாருங்க?"

துறைத்தலைவர் சந்திரசேகருக்கோ ஒரே சந்தோஷம். ஹைதராபாத் கருத்தரங்கில் இதைக் கட்டுரையாகப் படித்தே ஆக வேண்டும் என்றார்.

கிளம்புவதற்கு முன் சகாயநாதன் எண்களை ஒருமுறை புரட்டினார். மனைக்கு வடக்கே இருந்த நெல்வயல், மலைக்கோட்டையை விட உயரத்தில் இருந்தது! வடக்குப் பாதி பழைய வரைபடம், உயரமெல்லாம் அடிக்கணக்கு. தெற்குப் பாதி புதியது, மீட்டர் கணக்கு. இரண்டும் அப்படியே கலந்து ஏறியிருந்தன. சரிசெய்து ஓட்டினார். ஓடைக்கு மூன்று மதிப்பெண்தான் தேறியது.

கருத்தரங்கு போனது போகட்டும், அண்ணன் ஆசை நிறைவேறுமே என்று பொன்மலையில் அண்ணன் வீட்டுக்கு ஓடினார். அண்ணன் ஷிப்டுக்குப் போயிருந்தார். லூர்துராணிதான் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, பூமியெல்லாம் ஒண்ணும் அசையலை! டோரதி அடியையும் மீட்டரையும் கலந்து எழுதிட்டா. இனிமே தாராளமா எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கலாம்."

லூர்துராணி தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. ஒரே அடுப்படி எங்க ரெண்டு பேருக்கும் சரிப்படாது. வடக்குப் பாதியை அடிக்கணக்கிலேயே எழுதுடின்னு அவகிட்ட சொன்னதே நான்தான்."