கடலுக்கு எதிரே கடல் காட்டுகிறவர்

வீடியோ கலைஞர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், கல்யாண வீடியோக்காரர் என்று நினைத்து, "எங்க வீட்டு விசேஷத்துக்கும் வருவீங்களா?" என்று கேட்டு அவர் மனத்தைப் புண்படுத்தியும் இருப்பீர்கள்.

முதுநகர் இம்தியாஸ் அந்த இனத்தில் அசல் ரகம். வெட்டவெளிதான் அவருக்குக் கலைக்கூடம். ஓர் இடத்தைப் படம் பிடித்து, அதே இடத்தில் துணி கட்டி ஓடவிட்டு, "இடத்துக்கு அதோட மூஞ்சியையே காட்டுறேன்" என்பார். சேத்தியாத்தோப்பில் கேமரா முக்காலியை நட்டு, வெயிலில் வெந்துகொண்டு, வெள்ளாற்று மணலை அவர் எடுத்துக்கொண்டிருந்தபோது ஊர்க்காரர் ஒருவர் பதறி ஓடிவந்தார்.

"சார், பைபாஸ் எங்க வூட்டு மேல போவுதா?"

"இல்லீங்க, இது காலத்தைப் பத்தின படம்."

"எவ்ளோ காலம் குடுப்பீங்க, காலி பண்ண?"

சிதம்பரம் கீழவீதி நடமாட்டத்தை எடுத்து அங்கேயே ஒரு சுவரில் ஓட்டினாரே, அதை முடியும்வரை பார்த்தவர் ஒரே ஒருவர். அவரும் செருப்பைத் தொலைத்தவர். எவன் போட்டுக்கொண்டு போனான் என்று படத்தில் தேடியவர்.

மனைவி ரூமானாவோ ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. பாதியில் தூங்கிவிடுவார். இம்தியாஸுக்கு அது ஆறாத குறை. ரூமானாவுக்கும் ஒரு குறை உண்டு: கடலே கதி என்று கிடக்கிற மனுஷன், ஒரு நாளாவது தன்னோடு அலையில் கால் நனைத்ததில்லை. உப்புத் தண்ணீர் கேமராவுக்கு ஆகாதாம்!

கடைசியில் ரூமானாவே ஒரு பேரம் பேசினார். "இந்தக் கடல் படத்த முழுசா ஒக்காந்து பாக்குறேன். முடிஞ்சதும் எங்கூட தண்ணியில எறங்கணும்."

"இன்ஷா அல்லாஹ்."

"இன்ஷா அல்லாஹ் சொல்லி நழுவாதீங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

"வரேம்மா!"

பொழுது சாய்ந்ததும் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் துணி ஏறியது. படத்தின் பெயர் 'திரைமேல் திரை'. அலையும் திரை, துணியும் திரை. பெயர் வைத்தவரே நாலு நாள் வியந்துகொண்டிருந்தார். துணியில் அலை அடித்தது. துணிக்குப் பின்னாலும் அலை அடித்தது. திரை கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சினிமா என்று நம்பிக் குடும்பத்தோடு வந்திருந்த மங்கலம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"என்னா பாய், படம் எப்பப் போடுவீங்க?"

"இதாங்க படம்."

"அப்ப அந்தத் துணிய அவுத்துடுங்க. கடலு மறைக்குது."

கூட்டம் கலைந்தது. ரூமானா கலையவில்லை. கொட்டாவியை விழுங்கி, தொடையைக் கிள்ளி, கடைசி அலைவரை கண் கொட்டாமல் பார்த்தார். இம்தியாஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க. வாங்க!"

செருப்பைக் கழற்றி, புர்காவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, திரும்பிக் கையை நீட்டினார் ரூமானா. ஆகா, நிலா வெளிச்சத்தில் என்ன ஒரு காட்சி! இம்தியாஸுக்கு நெஞ்சு உருகியது. ஓடினார். எங்கே? முக்காலியை எடுக்க.

"ரூமானா, அப்படியே நில்லு! கைய எறக்காத! கொஞ்சம் எடப்பக்கம்..."

கை கொஞ்ச நேரம் நீண்டே இருந்தது. பிறகு இறங்கியது. ரூமானா தனியாகவே அலையில் நடந்தார்.

கை நீட்டிய அந்தப் படம் அருமையாக வந்திருக்கிறது. எந்த ஊரில் போட்டாலும் முடியும்வரை பார்க்கிறார்கள். ரூமானா மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன லீவில் குடும்பத்தோடு கடலுக்குப் போனீர்களே, அந்த வீடியோ உங்கள் போனில்தானே இருக்கிறது? எடுத்துப் பாருங்கள். தண்ணீரில் நின்றபடி எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்து, "வாங்க, வாங்க" என்று கத்துகிறார்கள். யாரை?